இடுப்பில் கட்டிய சுக்கான்

எங்கள் காட்சியகத்தின் கூரையில் இத்தனை வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், எஞ்சின் இல்லாமல் பறக்கிற கிளைடரை இந்த மாதம் கீழே இறக்குகிறார்கள். துணியை மாற்றி, கம்பிகளைத் துடைத்து, மறுபடியும் தூக்கிக் கட்டுவார்களாம். அதன் அடியில் வைக்கிற அறிவிப்புப் பலகையும் புதிதாக வருகிறது. அதில் என்ன எழுதலாம் என்று கேட்க அனிதா என் வீட்டுக்கு வந்தாள். பாறசாலைப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்து இப்போது அங்கே பொறுப்பாளராக இருக்கிறாள்.

“மாமா, சுக்கான இடுப்புத் தொட்டிலோட சேத்துக் கட்டுனது ஆருக்க யோசனைன்னு எழுதணும். சேவியர் மாமாட்ட போய்க் கேட்டேன். அது ஜஸ்டசுக்க புத்தி ஆக்கும், எனக்க பேரு போடண்டாம்னு செல்லிட்டாவ” என்றாள்.

ஜஸ்டஸ் என்பது நான்தான். காப்பி கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அவள் போன பிறகு என் முகத்தைப் பார்த்து மனைவி லில்லி சிரித்தாள். “ஒங்களுக்கு அவிய திட்டினாலும் ஆவாது, புகழ்ந்தாலும் ஆவாது” என்றாள். அதுதான் உண்மை. சேவியர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவன் இல்லை. ஆனாலும் அவன் பெயரைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். வேலையில் இருந்த காலம் முழுக்க எரிந்தது. ஓய்வு பெற்றால் அணையும் என்று நினைத்தேன், அணையவில்லை.

அவன் அனிதாவிடம் சொன்னது பொய் கிடையாது. அந்த யோசனை என்னுடையதுதான். அது எனக்கு எந்த நாளில் வந்தது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அனிதாவின் பலகையில் நாலு வரிக்கு மேல் இடம் இருக்காது. அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகள் படிக்கட்டும்.

நானும் சேவியரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எனக்கு ஊர் கொல்லயில் என்கிற கிராமம். ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்துவிட்டு ஒரு மரக்கடையில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தேன். நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை பறக்கும் எந்திரங்களுக்கென்று காட்சியகம் தொடங்குகிறது, ஆதிகால விமானங்களைச் செய்து வைக்க ஆள் தேவை என்று எங்கள் சபையில் ஒருவர் சொன்னார். போய்ச் சேர்ந்தேன். சேவியர் பொழியூர் கடற்கரைக்காரன். அவன் அப்பா வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர். பாய் தைக்கத் தெரியும் என்பதற்காக அவனை எடுத்தார்கள். சான்றிதழ் வைத்திருந்த எனக்கும் ஒன்றும் வைத்திராத அவனுக்கும் ஒரே சம்பளம். முதல் எரிச்சல் அங்கே தொடங்கியது.

எங்களுக்கு மேலே பணிக்கர் சார். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து வந்தவர். வெள்ளை வேட்டி கட்டுவார். சட்டைப் பையில் விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். அவர் மலையாளத்தில் பேசுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், யாருக்கும் அதில் சிரமம் இருந்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். பிழை கண்டால் அந்த இடத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார், நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை சரியாக இருந்தால் “ம்” என்பார். மிகவும் பிடித்துவிட்டால் “மதி” என்பார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டதில்லை.

அவருடைய முறை ஒன்று வினோதமானது. பழைய விமானங்களைப் பற்றிய புத்தகங்களை எல்லாம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வரைபடங்களை ஒவ்வொன்றாகத்தான் வெளியே எடுப்பார். “அவர்கள் செய்த வரிசையில் நாமும் செய்வோம். அவர்கள் முட்டிக்கொண்ட இடத்தில் நாமும் முட்டிக்கொள்வோம். விடையை முதலில் பார்த்துவிட்டால் பொம்மை செய்வீர்கள், எந்திரம் செய்ய மாட்டீர்கள்” என்பார். இன்றைய பிள்ளைகள் போனைத் தட்டினால் விடை வந்துவிடும். எங்களுக்கு அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

விமானம் என்றால் எஞ்சின்தான் பெரிய காரியம் என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆதியில் மனுஷனைக் கொன்றது எஞ்சின் இல்லாத குறை இல்லை. காற்றில் நிலைகுலைந்துதான் செத்தார்கள். சார் முதல் வாரத்திலேயே உள்ளங்கையை நீட்டிக் காட்டி எங்களுக்குச் சொல்லித் தந்தார். எந்திரத்தின் மூக்கு மேலே கீழே போகும், அது ஒன்று. ஒரு பக்க இறக்கை சாயும், அது இரண்டு. மூக்கு இடமோ வலமோ திரும்பும், அது மூன்று. இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் அடக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒருவர் இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டு, காலையும் இடுப்பையும் ஆட்டி உடம்பின் கனத்தாலேயே சமன் செய்து மலைச் சரிவுகளில் இருந்து பறந்தார். பலமுறை பறந்தார். ஒருநாள் காற்று அவர் இடுப்பை விட வேகமாக ஆடிவிட்டது, விழுந்து செத்தார். அதைப் பார்த்து வேறு சிலர், எந்திரம் தானாகவே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று இறக்கை இரண்டையும் மேல்நோக்கி வளைத்து வைத்தார்கள். அது அமைதியான காற்றில் நிற்கும், பக்கக் காற்று அடித்தால் ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காது. அப்புறம்தான் அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஏறி மிதிக்கிறவன்தான் அதை நிற்க வைக்கிறான். அதே மாதிரி பறக்கிற எந்திரமும் தானாக நிற்க வேண்டாம், சொன்னதைக் கேட்டால் போதும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இறக்கை நுனியை முறுக்கினார்கள். இடது நுனியை முறுக்கினால் அந்தப் பக்கம் காற்றை அதிகமாக வாங்கி எழும்பும், வலது நுனி தாழும். மூக்கைத் தூக்கவும் இறக்கவும் முன்னால் ஒரு சின்ன இறக்கை வைத்தார்கள்.

முதலில் நாங்கள் செய்தது அந்த முறுக்கைச் சோதிக்கிற பட்டம். இரண்டு அடுக்கு இறக்கை, நாலு கயிறு, இரண்டு கையிலும் ஒவ்வொரு குச்சி. மூங்கிலை ஆவியில் வளைத்து, இறக்கைத் துணியைத் தாங்குகிற விலாக்களை நான் செய்தேன். ஒவ்வொரு விலாவையும் கத்தி முனையில் வைத்து நடுப்புள்ளி பார்ப்பேன். ஒரு நெல்மணி எடை வித்தியாசம் இருந்தாலும் சீவுவேன். சேவியர் பாலராமபுரத்து மல் துணியை வாங்கி, இழைகள் குறுக்காக ஓடும்படி கோணலாக வெட்டி, பாய் தைப்பது போலத் தைத்தான். அந்தத் தையல் துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துப் பிடித்தது. பட்டத்தை எடுத்துக்கொண்டு பூவார் மணல் திட்டுக்குப் போனோம். குச்சிகளை நான் பிடித்தேன். இடது என்றால் இடது சாய்ந்தது, வலது என்றால் வலது. என் வாழ்க்கையில் மரம் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

சார் பட்டத்தை இறக்கச் சொன்னார். என் விலாவைத் தடவிப் பார்த்து “ம்” என்றார். சேவியருடைய துணியைச் சுண்டிப் பார்த்து “மதி” என்றார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் முழு வழியும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கிற விலாவை யார் பார்ப்பார்கள், மேலே தெரிகிற துணியைத்தான் பார்ப்பார்கள் என்று மனசைத் தேற்றினேன். அதற்குப் பிறகும் அவன் எதைத் தொட்டாலும் சார் “மதி” என்றார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சேவியர் பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து என் பாத்திரத்தில் வைப்பான். நானும் சாப்பிடுவேன். அந்த மீன் ருசியாக இருந்தது என்பதிலும் எனக்குக் கோபம்தான்.

பிறகு பெரிய கிளைடர். ஒரு மனுஷன் குப்புறப் படுத்துப் பறக்கிற அளவு. படுக்கிற இடத்தில் இடுப்புக்கு ஒரு மரத்தொட்டில். இடுப்பை வலது பக்கம் தள்ளினால் கம்பிகள் இழுபட்டு இடது இறக்கை நுனி முறுக்கிக்கொண்டு எழும்பும். கைகள் முன் சிறகைப் பிடித்திருக்கும். பின்னால் செங்குத்தாக இரண்டு சிறகுகள், அசையாமல் நிலையாக. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. சைக்கிள் பிரேக் கம்பியும் பழைய செயினும் வாங்கிக் கட்டினோம். கட்டி முடித்ததும் இறக்கை நுனிகளை இரண்டு பேர் விரலில் தாங்க, மூன்றாவது ஆள் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். படுக்கிற ஆள் இருக்கிற கனத்தில் எந்திரம் மூக்கைக் குத்தவும் கூடாது, வாலைத் தொங்கப் போடவும் கூடாது. அரிசிக்கடைத் தராசில் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தார் சார். சேவியர் என்னை விடக் கனம் குறைவு. ஆகவே பறப்பது அவன் என்று முடிவாயிற்று.

முதலில் வெறும் எந்திரம், அடுத்து மணல் மூட்டை, கடைசியில் ஆள். நுனிக்கு இரண்டு பேர் வீதம் கயிறு பிடிக்க வேண்டும், ஆள் உயரத்துக்கு மேலே விடக்கூடாது. இதுதான் சட்டம். மணல் மூட்டையோடு விட்ட அன்று, கரையில் நின்றே முறுக்குக் கம்பியை இழுத்துப் பார்த்தோம். இடது இறக்கை தாழ்ந்தது. அதை எழுப்ப முறுக்கினோம். எழும்ப வேண்டியது எழும்பவில்லை. எந்திரம் அந்தப் பக்கமாகவே மூக்கைத் திருப்பி, இடது நுனியை மணலில் குத்திச் சுழன்றது. மறுபடி விட்டோம். மறுபடியும் அதே. மணலில் குழி விழுந்தது.

“அந்த அண்ணன் தம்பி இதற்குக் கிணறு வெட்டுவது என்று பெயர் வைத்திருந்தார்கள்” என்றார் சார்.

“கிணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதை நம்ம ஊர்லயும் உண்டு சார்” என்றான் சேவியர். சார் சிரித்தார். நான் அவரைச் சிரிக்க வைத்ததே கிடையாது.

“ஏன் இப்படி ஆகிறது, என்ன செய்தால் நிற்கும்? திங்கட்கிழமை சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியைப் பூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நான் வாயைத் திறப்பதற்கு முன் சேவியர் சொல்லிவிட்டான். முறுக்கின பக்கம் காற்றை அதிகமாக வாங்குகிறது, அதனால் பின்னுக்கு இழுபடுகிறது. இழுபடுகிற பக்கம் மூக்கு திரும்புகிறது. பின்னால் இருக்கிற சிறகு அசையாமல் நின்று இன்னும் தள்ளிக்கொடுக்கிறது. “சுக்கான் அனங்காம நின்னா வள்ளம் எப்பிடி சார் நேராப் போவும்? அது திரும்பணும்” என்றான். சார் பென்சிலைப் பையில் இருந்து எடுத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். “மதி” என்றார்.

எனக்கும் அதே விடை ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் வைத்துத் தோன்றியிருந்தது. பிரசங்கம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஒரு நிமிஷம் முந்திக்கொண்டான். நானும் அதையேதான் சொல்ல வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. யார் நம்புவார்கள்?

சேவியர் இரண்டு நிலைச் சிறகுகளையும் கழற்றிவிட்டு ஒரே சுக்கான் செய்து கீலில் மாட்டினான். அதைத் திருப்ப இடது கைக்கு ஒரு பிடி வைத்தான். முன் சிறகு வலது கைக்குப் போனது. அந்தப் பிடியை அவன் வைத்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தில் சுக்கான் பிடியை இடது பக்கம் தள்ளினால் வள்ளத்தின் மூக்கு வலது பக்கம் திரும்பும். பிறந்ததில் இருந்து அவன் கை பழகியது அப்படி. அப்படியே கிளைடரிலும் வைத்தான். வேறு எந்த ஊர்க்காரனும் அப்படி வைத்திருக்க மாட்டான். வள்ளத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது சரி. இங்கே குப்புறப் படுத்திருக்கிறவன், இடது இறக்கை தாழ்ந்தால், இடுப்பை வலது பக்கம் தள்ள வேண்டும். அதே நொடியில் கையை இடது பக்கம் தள்ள வேண்டும். நிதானமாக இருந்தால் செய்துவிடலாம். பயம் வந்தால் உடம்பு போகிற பக்கம்தான் கையும் போகும்.

எனக்கு இது அன்று மதியமே புரிந்துவிட்டது. தீர்வும் கூடவே வந்தது. கைப்பிடியே தேவையில்லை. சுக்கானின் இரண்டு கம்பிகளையும் இடுப்புத் தொட்டிலில் கட்டிவிட்டால், இடுப்பு வலது பக்கம் போகும்போது இறக்கையும் முறுக்கும், சுக்கானும் வலது பக்கம் திரும்பும். ஒரே அசைவில் இரண்டு வேலை, கை குழம்ப வழியே இல்லை. ஒரு ஒட்டுப்பலகைத் துண்டின் முதுகில் பென்சிலால் வரைந்தேன். கம்பி எந்த உருளையில் போய் எங்கே குறுக்காகப் பிரிந்து வருகிறது என்று முழுதாக வரைந்தேன். வரைந்ததைப் பார்த்தேன். சாரிடம் கொண்டு போயிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான்.

கொண்டு போகவில்லை. சுக்கான் அவனுடையது, “மதி” அவனுக்குக் கிடைத்தாயிற்று. இப்போது இதை நான் சொன்னால் அவன் எந்திரம் நன்றாகப் பறக்கும், பெயர் அவனுக்குப் போகும். பிடி சரிப்படாமல் கிணறு வெட்டட்டும், நாலு பேர் பார்க்கட்டும், அதற்குப் பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அதுதான் நான் நினைத்தது. பலகையைக் குப்புற வைத்து என் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். மணல்தானே, ஆள் உயரம்தானே, என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன்.

மறுநாள் பிற்பகல் பூவார். கடலில் இருந்து காற்று நன்றாக வந்தது. சேவியர் தொட்டிலில் படுத்தான். இடது நுனிக் கயிற்றை நானும் இன்னொரு ஆளும் பிடித்தோம். கிளைடர் எழும்பி இடுப்பு உயரத்தில் நின்றது. அவன் பிடியை மெல்ல அசைத்து இடமும் வலமும் காட்டினான். அழகாகக் கேட்டது. எனக்கு மனசு சுருங்கியது. தோற்றுப்போவான் என்று நான் நினைத்தவன் பறந்துகொண்டிருந்தான். சார் கையைக் கட்டி நின்று பார்த்தார்.

அப்போது திடீரென்று ஒரு வீச்சு வந்தது. எந்திரம் சட்டென்று மேலே போனது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இடது இறக்கை தாழ்ந்தது. சேவியரின் இடுப்பு வலது பக்கம் போவதைப் பார்த்தேன். அவன் கையும் வலது பக்கம் போயிற்று.

“மத்த பக்கம், எலே, மத்த பக்கம்” என்று கத்தினேன். அவன் காதில் விழுந்திருக்காது.

மூக்கு இடது பக்கம் சுழன்றது. நுனி மணலில் குத்தி, முழு எந்திரமும் அதன் மேலே சாய்ந்து விழுந்தது. துணி கிழிகிற சத்தத்தை விட மரம் ஒடிகிற சத்தம் பெரிதாக இருந்தது. நான் செய்த விலாக்கள். அவற்றுக்கு அடியில் இருந்து சேவியரை இழுத்தோம். நினைவு இருந்தது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தோள் எலும்பும் காறை எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், பிறகு திறந்து கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் இடது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போயிற்று. பாய்த் தையல் இரண்டு கையும் தலைக்கு மேலே போய் இழுக்கிற வேலை. அதோடு அது முடிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அறக்கட்டளைக்காரர்கள் விசாரித்தார்கள். சார் எங்களைப் பேச விடவில்லை. “விடை எனக்குத் தெரியும். அலமாரியில் இருந்தது. இவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். தப்பு என்னுடையது” என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார். எனக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல இருந்தது. வலிக்கிறது, கத்த முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உடைந்ததைச் செப்பனிடுகிற நேரத்தில், அப்போதுதான் தோன்றியது போல அந்த யோசனையைச் சாரிடம் சொன்னேன். புதிதாக ஒரு தாளில் வரைந்துகொண்டு போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அலமாரியைத் திறந்து அடுத்த வரைபடத்தை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் விரித்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்த அண்ணன் தம்பியும் அப்படியேதான் கட்டியிருந்தார்கள். “மதி” என்றார் சார். நான் அத்தனை ஆசைப்பட்ட சொல் அது. கேட்டதும் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

புதிதாகக் கட்டியதை மணல் மூட்டை வைத்து மட்டும் பறக்கவிட்டோம். தொட்டில் வலது பக்கம் போனால் மொத்த எந்திரமும் வலது பக்கம் வழுக்கிக்கொண்டு அழகாகத் திரும்பியது. கிணறு வெட்டவில்லை. ஆளை ஏற்ற சார் அதன் பிறகு சம்மதிக்கவில்லை. அதைத்தான் கூரையில் தூக்கிக் கட்டினோம். அதற்கு அப்புறம் எத்தனையோ எந்திரங்கள் செய்தேன். இறக்கையை முறுக்குவதை விட்டுவிட்டு ஓரத்தில் மேலும் கீழும் மடங்குகிற துண்டு வைத்த பிரெஞ்சுக்காரர்களுடைய எந்திரத்தையும் செய்தேன். பணிக்கர் சார் ஓய்வு பெற்ற பிறகு தலைமைத் தொழில்நுட்பர் ஆனேன். சேவியரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஆணியும் பசையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தான். நான் போய்க் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவான். என்னிடம் பதவி இருந்தது, இரண்டு கையும் இருந்தது. அவன் சிரிப்பைப் பார்த்து அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

அனிதா வந்து போன மறுநாள் இரண்டு பஸ் மாறி ஆரியங்கோட்டுக்குப் போனேன். அவன் மனைவி வீட்டு ரப்பர் தோட்டத்தில் இப்போது இருக்கிறான். முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தான். வலது கையில் ஒரு கவைக்கம்பு வைத்துத் தூக்கி மாட்டினான். இடது கை பக்கத்தில் தொங்கியது.

“எலே ஜஸ்டசே, வழி தெத்தி வந்தியா?” என்றான்.

“அனிதாட்ட எனக்க பேரச் செல்லிக் குடுத்தியாம்.”

“உள்ளதத்தானே செல்லினேன்.”

“உள்ளது முழுசும் ஒனக்குத் தெரியாது” என்றேன். முப்பது வருஷத்துக்கு மேலாக மனசில் ஒத்திகை பார்த்த பேச்சு அது. “நீ விழுந்ததுக்கு முந்தின நாளே…”

“ஒட்டுப்பலகையில வரஞ்சு வச்சிருந்த” என்றான் சேவியர். கவைக்கம்பைச் சுவரில் சாத்தினான். “கீலுக்கு ஒரு ஆப்பு வெட்டணும்னு பலகைத் துண்டு தேடினேன். ஒனக்க பெஞ்சுக்கு அடியில கிடந்தது. திருப்பிப் பாத்தா படம். பாத்த ஒடனே எனக்கு விளங்கிச்சு. எனக்க பிடி தப்பு, இதாக்கும் சரின்னு. இருந்தது போல குப்புற வச்சுட்டுப் போனேன்.”

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீ வந்து செல்லுவேன்னு சாயங்காலம் வர பாத்தேன். செல்லல்ல. அப்பொ எனக்கு வாசியும் வீம்பும் ஏறிச்சு. இவன் செல்லாததக் கெஞ்சி வாங்கவா? எனக்க பிடியிலயே பறந்து காட்டுதேன்னு ஏறிப் படுத்தேன்.”

“சாருக்கிட்ட நீயே செல்லியிருக்கலாமே.”

“ஒனக்க படத்த நான் என்னத்துக்குச் செல்லணும்?” என்றான். அப்போதுதான் அவன் குரலில் கோபத்தைக் கேட்டேன். “மக்கா, எனக்கு ஒன்னக் கண்டா எரியும். ஒனக்குத் தெரியாது. சாரு என்னட்ட மதி, மதின்னு செல்லுவாரு. படிக்காத பயலாச்சே, மனசு விடண்டாம்னு செல்லுததாக்கும் அது. ஒனக்க விலாவ எடுத்து அலமாரியில புத்தகத்துக்குப் பக்கத்துல வச்சுப் பூட்டியிருந்தாரு. எனக்க தையல் ஒண்ணக்கூட ஒருநாளும் எடுத்து வச்சதில்ல.”

என் விலாவை அலமாரியில் வைத்தது எனக்குத் தெரியாது. ஸ்டோருக்குப் போன பிறகு அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தானாம். ஏழெட்டு இருந்தனவாம்.

அவன் மனைவி கட்டன்சாயா கொண்டு வந்தாள். குடித்தோம். எழுந்தபோது, “கை இப்பிடி ஆனதுக்கு நீ மட்டும் ஆளு இல்ல கேட்டியா? பாதி நானாக்கும். மனசுல வச்சுக்கிட்டு நடக்காத. பைய போ” என்று சொல்லி வாசல் வரை வந்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் மனசு லேசாக இருந்தது. ஊர் நெருங்க நெருங்க பழைய எரிச்சல் திரும்ப வந்தது. சுக்கான் திரும்ப வேண்டும் என்று அவன்தான் முதலில் சொன்னான். “மதி” அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது. இத்தனை வருஷமும் நான் தூக்கிச் சுமந்த குற்றத்தைச் சொல்லப் போனேன், அதையும் நான் சொல்லி முடிக்கும் முன் அவனே சொல்லிவிட்டான். போதாததற்கு அதிலும் பாதி பங்கு கேட்கிறான்.

அனிதாவுக்கு எழுதித் தருகிறேன். பலகையில் சுக்கானுக்கும் இடுப்புக் கட்டுக்கும் சேவியர் பெயரையே போடட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனது என்னால். அதில் அவனுக்குப் பாதி கிடையாது. அது முழுக்க என்னுடையது, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.